பாதி கட்டப்பட்ட அணை



அணை பார்க்கப் போவது நம் நாட்டில் ஊறிப்போன பழக்கம். பள்ளிக்கூடத்து முதல் சுற்றுலா நம்மில் பலருக்கு மேட்டூருக்கோ வைகைக்கோ வாய்த்திருக்கும். புளிச்சோற்றுப் பொட்டலத்தோடு பேருந்தை விட்டு இறங்குகிறோம். பூங்காவில் உட்காருகிறோம். பொரித்த மீன் வாங்கித் தின்கிறோம். சுவரை அண்ணாந்து பார்த்து எத்தனை அடி உயரம் என்று கேட்கிறோம். வாத்தியார் கொள்ளளவைச் சொல்கிறார், குறித்துக்கொள்கிறோம். மதகு திறந்திருந்தால் சாரலில் நனைந்துவிட்டு வீடு திரும்புகிறோம்.

இந்தச் சுற்றுலாவைக் கேலி செய்வது நம் நோக்கமில்லை. கையில் காசு குறைந்த குடும்பம் ஒரே நாளில் போய்வரக்கூடிய இடங்களில் அணையும் ஒன்று. வாசலில் நிறுத்தி சாதி கேட்காத இடமும்கூட. ஆனால் அண்ணாந்து பார்க்கக் கற்றுக்கொடுத்தவர்கள் குனிந்து பார்க்கக் கற்றுக்கொடுக்கவில்லை. தண்ணீருக்கு அடியில் யாருடைய ஊர் கிடக்கிறது? கால்வாய் யாருடைய நிலத்துக்குப் போகிறது? கம்பியில் ஏறிய மின்சாரம் யார் வீட்டுக்குப் போய்ச் சேர்கிறது? இந்த மூன்று கேள்விகளுக்கும் சுற்றுலாத் தலத்தில் பலகை கிடையாது.

இந்தக் கேள்விகளைக் கேட்பதற்கு ஒடிசாவின் ஹிராகுட் அணையை இந்த உரையில் எடுத்துக்கொள்கிறோம். அதன் தொடக்க வரலாற்றில் அண்ணல் அம்பேத்கர் இருக்கிறார் என்பதே காரணம். அவர் எதற்காக அணைகளை விரும்பினார், கட்டி முடிந்தபோது அந்த விருப்பத்தில் எது மிஞ்சியது என்பதை நாம் பார்த்தாக வேண்டும்.

இரண்டு கோபுரங்கள்

ஹிராகுட், மகாநதியின் குறுக்கே சம்பல்பூருக்கு அருகில் நிற்கிறது. பிரதான அணை மட்டும் 4.8 கிலோமீட்டர் நீளம். இருபுறமும் உள்ள மண்கரைகளைச் சேர்த்தால் 25 கிலோமீட்டருக்கும் மேல். நிறைந்திருக்கும்போது நீர்ப்பரப்பு ஏறத்தாழ 740 சதுர கிலோமீட்டர். வெள்ளத் தடுப்பு, பாசனம், மின் உற்பத்தி மூன்றையும் சேர்த்துத் திட்டமிடப்பட்ட அணை இது. புர்லாவிலும் சிப்ளிமாவிலும் நீர்மின் நிலையங்கள் உள்ளன.

1946 மார்ச் 15 அன்று ஒடிசா ஆளுநர் ஹாதர்ன் லூயிஸ் அடிக்கல் நாட்டினார். 1948 ஏப்ரல் 12 அன்று பிரதமர் நேரு முதல் கான்கிரீட்டைக் கொட்டித் தொடங்கிவைத்தார். 1957 ஜனவரி 13 அன்று அவரே திறந்துவைத்தார்.

பார்வையாளர்கள் ஏறிப் பார்ப்பதற்கென அணையின் இரு பக்கமும் இரண்டு கோபுரங்கள் எழுப்பப்பட்டன. ஒன்று காந்தி மினார், மற்றொன்று நேரு மினார். மேலே ஏறினால் கடல்போல விரிந்த நீர் தெரியும். ஹிராகுட்டுக்குப் போகிற எவரும் இவற்றைத் தவறவிடுவதில்லை. முதல் கான்கிரீட் விழுவதற்கு இரண்டரை மாதம் முன்பே காந்தியார் சுட்டுக்கொல்லப்பட்டுவிட்டார். பெரிய எந்திரங்கள் மீதும் பெருந்தொழில் மீதும் அவருக்கு இருந்த ஐயம் உலகறிந்தது. ஆனாலும் கோபுரம் அவர் பெயரில் நிற்கிறது. தேசத்தின் நினைவு யாரை எங்கே நிறுத்துகிறது என்பதற்கு இதைவிட நேரான சான்று தேவையில்லை.

கட்டாக்கில் நடந்த கூட்டம்

1942 ஜூலையில் அம்பேத்கர் வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் உறுப்பினராகப் பொறுப்பேற்றார். 1946 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். அவர் கொண்டுவந்த தொழிலாளர் நலச் சட்டங்களை நாம் மேடைதோறும் பேசுகிறோம். அதே துறையின் கீழ்தான் பாசனமும் மின்சாரமும் இருந்தன என்பதை அவ்வளவாகப் பேசுவதில்லை. மத்திய தொழில்நுட்ப மின் வாரியம் 1944இல் அமைந்தது. மத்திய நீர்வழி, பாசன, நீர்ப்போக்குவரத்து ஆணையம் 1945இல் அமைந்தது. இன்றைய மத்திய நீர் ஆணையத்துக்கு மூலம் அதுதான்.

தாமோதர் நதியில் 1943இல் பெரும் வெள்ளம் வந்தது. அதை ஆராய அமைக்கப்பட்ட குழுவில் விஞ்ஞானி மேக்நாத் சாகா இடம்பெற்றார். தாழ்வாகப் பார்க்கப்பட்ட சாதியில் பிறந்து, மாணவர் விடுதியிலேயே சாதி அவமானத்தைச் சந்தித்தவர் அவர். அமெரிக்காவின் டென்னசி பள்ளத்தாக்கு ஆணையத்தை முன்மாதிரியாகக் கொள்ளலாம் என்று வாதாடியவர்களில் முக்கியமானவர். அந்த யோசனையை நிர்வாகத் திட்டமாக மாற்றுவதற்கு 1945 ஜனவரியிலும் ஆகஸ்டிலும் கல்கத்தாவில் நடந்த மாநாடுகளுக்குத் தலைமை தாங்கியவர் அம்பேத்கர்.

அதே ஆண்டு நவம்பர் 8 அன்று கட்டாக்கில், ஒடிசாவின் ஆறுகளைப் பற்றிய மாநாட்டுக்கும் அவரே தலைமை தாங்கினார். அதுவரை ஒடிசாவின் வெள்ளத்தைப் பற்றிப் பேசிய பொறியாளர்களில் பலர், மிகுதியான நீரை எப்படி விரைவாகக் கடலுக்குத் தள்ளிவிடுவது என்றே சிந்தித்தார்கள். அம்பேத்கர் அந்தச் சிந்தனையையே மறுத்தார். மனிதர்கள் மிகுதியான நீரால் படும் துன்பத்தைவிட நீரில்லாமல் படும் துன்பமே அதிகம், ஆகவே நீரைத் தேக்கிப் பல வழிகளில் பயன்படுத்துங்கள் என்பது அவருடைய வாதம். வெள்ளம், வறட்சி, நோய், போக்குவரத்தின்மை ஆகியவற்றைத் தனித்தனியே பார்க்காமல் ஒரே திட்டத்தில் தீர்க்க முடியும் என்றார்.

1927 மார்ச் 20 அன்று மகாடில் சவதார் குளத்து நீரைக் கையால் அள்ளிக் குடித்ததற்காக அம்பேத்கரும் தோழர்களும் தாக்குதலைச் சந்தித்தார்கள். பதினெட்டு ஆண்டுகள் கழித்து, ஒரு மாகாணத்தின் பேராறுகளை என்ன செய்யலாம் என்று முடிவெடுக்கும் கூட்டத்தின் தலைமை நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். இந்திய நீரின் வரலாற்றில் இது சிறிய செய்தியா?

மின்சாரத்தைப் பற்றிய அவருடைய கருத்தும் இதோடு சேர்ந்தது. 1918இலேயே, சிறு நிலங்களைப் பற்றிய கட்டுரையில், நிலத்தை நம்பிக் கிடக்கும் மிகுதியான உழைப்பைத் தொழில்துறைக்கு மாற்ற வேண்டும் என்று எழுதியிருந்தார். 1943 அக்டோபரில் மின்துறை மறுகட்டமைப்பு பற்றிப் பேசும்போது, வறுமையின் சுழலிலிருந்து மக்களை மீட்கத் தொழில்மயமாக்கமே உறுதியான வழி, அதற்கு மலிவான, ஏராளமான மின்சாரம் வேண்டும் என்று வாதிட்டார். ஊர் வயலில் கூலிக்கு நிற்பவன் அந்த வயலை விட்டு வெளியேற ஒரு வழி வேண்டும். அவருடைய பார்வையில் மின்சாரம் அந்த வழியைத் திறக்கும் சாவி.

டென்னசியின் நிறக்கோடு

தாமோதர் திட்டத்துக்கு முன்மாதிரியான டென்னசியைச் சற்றுப் பார்த்துவிட்டு வருவோம். அணையைச் சுற்றுலாத் தலமாக அமைக்கும் கலையை நன்கு அறிந்திருந்தவர்கள் அவர்கள். 1933இல் ரூஸ்வெல்ட் ஆட்சியில் தொடங்கப்பட்ட ஆணையம் அது. தன் அணைகளைக் கட்டும்போதே பார்வையாளர் கூடங்களையும் சேர்த்து வடிவமைத்தது. அமெரிக்க மக்களுக்காகக் கட்டப்பட்டது என்ற பொருள்படும் வாசகத்தை மின்நிலையங்களில் பொறித்தது.

அந்த ‘மக்கள்’ யார்? ஆணையத்தின் முதல் அணை நோரிஸ். அதைக் கட்டும் தொழிலாளர்களுக்காக நோரிஸ் என்ற மாதிரி நகரமும் எழுப்பப்பட்டது. கறுப்பின மக்கள் அந்த நகரத்தில் குடியேற அனுமதி இல்லை. 1934இல் கறுப்பின உரிமை இயக்கத்தைச் சேர்ந்த சார்ல்ஸ் ஹூஸ்டனும் ஜான் டேவிசும் நேரில் போய் ஆராய்ந்து இதை வெளிப்படுத்தினார்கள். பிறகு சிக்கமாகா நீர்த்தேக்கத்தின் கரையில் கறுப்பின மக்களுக்கெனத் தனிப் பூங்கா அமைந்தது. அதற்கு புக்கர் டி. வாஷிங்டனின் பெயர் சூட்டப்பட்டது. ஒரே ஆற்றின் நீரை வேடிக்கை பார்ப்பதற்குக்கூடத் தனித்தனிக் கரை.

சமூகம் எப்படி இருக்கிறதோ அப்படித்தான் அணையின் பயனும் பங்காகும். கான்கிரீட் தானாக யாரையும் சமமாக்கிவிடாது. டென்னசியின் தொழில்நுட்பத்தை இறக்குமதி செய்தவர்கள் இந்தப் பாடத்தையும் சேர்த்து இறக்கியிருக்க வேண்டும்.

கோயில் என்ற சொல்

1954 ஜூலையில் பக்ரா நங்கல் கால்வாயைத் திறந்துவைத்தபோது நேரு, இத்தகைய பெரும்பணிகளைப் புதிய காலத்தின் வழிபாட்டிடங்களாகக் கண்டார். நவீன இந்தியாவின் கோயில்கள் என்று அந்தக் கருத்து பாடப்புத்தகங்களில் நிலைத்துவிட்டது. 1958 வாக்கில் அவரே பெரும்திட்ட மோகத்தை ஒரு நோய் என்று எச்சரித்தார். அந்தப் பேச்சு அவ்வளவாகப் பரவவில்லை.

கோயில் என்றால் என்ன என்பது நமக்குத் தெரியும். கல் சுமந்தவர் வெளியே நிற்க, மணியடிப்பவர் உள்ளே போகும் இடம் அது. 1930இல் நாசிக் காலாராம் கோயில் வாசலில் அம்பேத்கர் தலைமையில் நம் மக்கள் நின்றார்கள். ஆண்டுக்கணக்கில் போராடியும் கதவு திறக்கவில்லை. ஆறுகளைப் பற்றிப் பேசிய மாநாடுகளில் அம்பேத்கர் எடுத்துவைத்தது பயனும் கணக்கும். கருவி என்றால், அது யாருக்கு வேலை செய்கிறது என்று கேட்கலாம். கோயிலாக்கிவிட்டால் கும்பிடத்தான் முடியும். சுற்றுலாப் பயணியின் அண்ணாந்த பார்வை அந்தக் கும்பிடுதலின் மிச்சம்.

இந்தக் கோயிலின் குடமுழுக்கில் உழைப்பாளியைக் கருவறைக்குள் அழைத்த நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. 1959 டிசம்பர் 6. தாமோதரின் பஞ்சேத் அணை திறப்பு விழா. அம்பேத்கர் மறைந்து சரியாக மூன்று ஆண்டுகள் ஆன நாள். அணையில் வேலை செய்த புத்னி மஞ்சியாயின் என்ற இளம் சந்தால் பெண்ணை அழைத்து, மின்நிலையத்தை இயக்கும் பொத்தானை அழுத்தச் செய்தார் நேரு. படங்கள் நாடெங்கும் வந்தன. விழாவில் நேருவோடு மாலை மாற்றியதால் அவருக்கு மனைவியாகிவிட்டார், சமூகத்துக்கு வெளியே மணம் புரிந்தவர் என்று சொல்லி ஊர் அந்தப் பெண்ணை ஒதுக்கிவைத்தது. சில ஆண்டுகளில் அணை நிறுவன வேலையும் போனது. பல ஆண்டுகள் வறுமையில் அலைந்தபின், 1980களில் ராஜீவ் காந்தியின் காலத்தில்தான் வேலை திரும்பக் கிடைத்தது. 2023 நவம்பரில் அவர் இறந்தார்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் சந்தால் வழக்கத்தின் கொடுமையோடு நிறுத்திவிடுகிறார்கள். அந்த வழக்கத்துக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் ஒரு நாள் படத்துக்கு அழைத்துவந்த அரசுக்கு மறுநாள் அவரைப் பற்றிய பொறுப்பு எதுவும் தோன்றவில்லையே, அதைக் கேட்பவர்கள் குறைவு. உழைப்பாளி பொத்தானை அழுத்துவது ஒரு நிமிடம். அந்தப் பொத்தானுக்கு அப்பால் ஓடும் மின்சாரத்தில் அவருக்கு என்ன பங்கு? 1980களின் இறுதியில், ஏழைக் குடும்பங்களுக்கு வீட்டுக்கு ஒரு விளக்கு கொடுப்பதற்கென்றே மத்திய அரசு குடீர் ஜோதி என்று தனித் திட்டம் போட வேண்டியிருந்தது. பஞ்சேத் திறந்து அப்போது முப்பது ஆண்டுகள் நெருங்கியிருந்தன.

கல் நிற்கும், மண் கரையும்

ஹிராகுட்டுக்குத் திரும்புவோம். அந்த நீர்த்தேக்கம் 285 கிராமங்களைத் தொட்டது. அவற்றில் நூற்றுக்கும் மேற்பட்டவை முழுவதும் மூழ்கின. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் இடம்பெயர்ந்தார்கள். 1946இலேயே சம்பல்பூர் பகுதியில் அணையை எதிர்த்துப் போராட்டம் எழுந்தது. துன்பப்பட வேண்டியிருந்தால் நாட்டின் நன்மைக்காகத் துன்பப்படுங்கள் என்ற பொருளில் 1948இல் நேரு அந்த மக்களிடம் பேசினார்.

இழப்பீட்டின் கணக்கு 1894ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின் வழியில் போனது. அந்தச் சட்டத்தின் கண்ணுக்கு நிலம் தெரியும், நிலத்தின் மீது உரிமைப் பத்திரம் உள்ளவர் தெரிவார். வாரத்துக்கு உழுதவர், கூலிக்கு நட்டவர், ஊர்ப்பணி செய்தவர் தெரியமாட்டார். மேற்கு ஒடிசாவில் கண்டா என்ற தாழ்த்தப்பட்ட சாதி மக்கள் நெசவு செய்தார்கள், கிராமக் காவல் பார்த்தார்கள், ஊர் விழாக்களில் மேளம் அடித்தார்கள். கண்டா பாஜா என்ற இசை இன்றும் அவர்கள் பெயரைச் சுமக்கிறது. ஊர் மூழ்கும்போது மேளத்துக்கு என்ன விலை போடுவது? காவலுக்கு எத்தனை ரூபாய்? நிலத்துக்குத்தான் விலை உண்டு. நிலம் யாரிடம் இருந்ததோ அவரிடம் பணம் போனது.

இங்கே நாம் நிதானமாகப் பேச வேண்டும். மூழ்கிய ஊரை நினைத்து உருகும் எழுத்துகள் நிறைய வந்துவிட்டன. ஆற்றங்கரை, ஆலமரம், கோயில் மணி என்று அவை உருகும். அந்த ஊருக்கும் ஒரு சேரி இருந்தது. அந்தக் கோயிலின் படியை நம் மக்கள் ஏறியதில்லை. 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் கிராமத்தை எவ்வளவு கடுமையாகச் சாடினார் என்பது நமக்குத் தெரியும். ஆகவே பழைய ஊர் அப்படியே இருந்திருக்கலாம் என்று நாம் ஏங்கத் தேவையில்லை. நம் குறை வேறு. ஊர் மூழ்கியது, ஊரின் சாதி மூழ்கவில்லை. நிலமுள்ளவர் இழப்பீட்டைக் கொண்டு வேறிடத்தில் நிலம் வாங்க முடிந்தது. நிலமற்றவர் போன இடத்திலும் நிலமற்றவராகவே நின்றார்.

கோடையில் நீர் வற்றும்போது ஹிராகுட்டில் பழைய கோயில்கள் தலைகாட்டுகின்றன. அவற்றைப் பார்க்க மக்கள் படகில் போகிறார்கள். நம் மேட்டூரிலும் இதே கதைதான். அணையின் நீர்மட்டம் இறங்கினால் பண்ணவாடியில் நந்தி சிலையும் பழைய தேவாலயக் கோபுரமும் வெளியே வரும். செய்தித்தாளில் படம் வரும், கூட்டம் கூடும். எந்த வறட்சியிலும் நம் மக்களின் குடிசை மட்டும் வெளியே வந்ததில்லை. கல்லில் கட்டியது தொண்ணூறு ஆண்டுகள் கழித்தும் நிற்கும். மண்ணில் கட்டியது முதல் வெள்ளத்திலேயே கரைந்துபோகும். கல்லை மட்டுமே சான்றாக எடுத்துக்கொள்ளும் வரலாறு, நீரடியில் கோயில்களை மட்டுமே கண்டெடுக்கும்.

ஹிராகுட் நீர்த்தேக்கத்தில் மாட்டுத் தீவு என்றொரு சுற்றுலாத் தலமும் உண்டு. நீர் ஏறியபோது ஊரைவிட்டுப் போனவர்கள் தங்கள் மாடுகளில் பலவற்றை விட்டுச்சென்றார்கள். அவை மேட்டில் ஏறிப் பிழைத்தன. மேடு தீவானது. அவற்றின் வழிவந்த மாடுகள் இன்று காட்டு விலங்குகளாகத் திரிகின்றன. பயணிகள் படகில் போய் அவற்றைத் தேடிப் பார்க்கிறார்கள். விட்டுச்சென்ற மாடுகளுக்குச் சுற்றுலா வரைபடத்தில் ஓர் இடம் கிடைத்தது. மாடு மேய்த்தவர்கள் எந்த முகாமுக்குப் போனார்கள் என்று கேட்டால் அந்த வரைபடத்தில் பதில் இல்லை.

கட்டப்படாத பாதி

அப்படியென்றால் அம்பேத்கர் தவறாகக் கணித்துவிட்டாரா? அணையை எதிர்க்கும் தோழர்கள் சிலர் நம்மிடம் இதைக் கேட்கிறார்கள். அவருடைய திட்டத்தை முழுவதும் படித்தவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள்.

1947இல் வெளியான ‘மாநிலங்களும் சிறுபான்மையினரும்’ என்ற ஆவணத்தில் அவர் இரண்டை ஒன்றாக வைத்தார். அடிப்படைத் தொழில்கள் அரசின் கையில் இருக்க வேண்டும். விவசாய நிலமும் அரசுடைமையாக வேண்டும். அந்த நிலம் சாதி வேறுபாடு இல்லாமல் கிராம மக்களுக்குக் கூட்டுப்பண்ணையாகக் கொடுக்கப்பட வேண்டும். நிலவுடைமையாளரும் இருக்கக்கூடாது, குத்தகைதாரரும் இருக்கக்கூடாது, நிலமற்ற கூலியும் இருக்கக்கூடாது என்றார். கட்டாக்கில் ஆற்றைப் பற்றிப் பேசிய இரண்டே ஆண்டுகளில் நிலத்தைப் பற்றி இதை எழுதினார்.

அணையின் நீர் வாய்க்கால் வழியே நிலத்துக்குத்தான் போகும். நிலம் சிலர் கையில் இருந்தால் நீரும் அவர்கள் கைக்கே போகும். நிலம் பொதுவானால் நீரும் பொதுவாகும். சுதந்திர இந்தியா முதல் பாதியைக் கட்டியது, இரண்டாவது பாதியைத் தொடவில்லை. ஆகவே நாம் சுற்றிப் பார்க்கிற அணை பாதி கட்டப்பட்ட அணை. பக்ராவையும் ஹிராகுட்டையும் பஞ்சேத்தையும் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

2013ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம் ஒரு படி முன்னே வந்தது. நிலம் இல்லாமல் அந்தப் பகுதியில் உழைத்துப் பிழைத்த கூலிகளையும் குத்தகைதாரர்களையும் பாதிக்கப்பட்ட குடும்பங்களாக ஏற்றது. ஆனால் பாசனத் திட்டங்களில் நிலத்துக்கு மாற்றாக நிலம் தரும் பகுதி, நிலம் இழந்தவரைப் பற்றியே பேசுகிறது. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் எடுக்கப்பட்ட நிலத்தின் அளவு அல்லது இரண்டரை ஏக்கர், இரண்டில் எது குறைவோ அது என்கிறது. இழக்க நிலமே இல்லாதவருக்கு இந்த வரியில் இடமில்லை. 1894இல் தொடங்கிய கண்பார்வைக் கோளாறு முழுவதும் தீரவில்லை.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அணை பார்க்கப் போங்கள். பூங்காவில் உட்காருங்கள், மீன் தின்னுங்கள். அடுத்த நாள் மாவட்ட ஆவணக் காப்பகத்துக்கும் போங்கள். நில எடுப்புக் கோப்புகளைக் கேளுங்கள். மூழ்கிய ஒவ்வோர் ஊரிலும் சேரி எங்கே இருந்தது, அங்கே வாழ்ந்தவர்கள் எங்கே போனார்கள், அவர்களுக்கு என்ன கிடைத்தது என்று எழுதுங்கள். மறுகுடியேற்ற ஊர்களில் முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் போவதற்குள் கேட்டுப் பதிவு செய்யுங்கள். கால்வாய்க் கரையில் நடந்து, தண்ணீர் பாயும் நிலங்களின் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். செயல்பாட்டாளர்களுக்கு இந்தப் பட்டியல் கோரிக்கையாக உதவும். பஞ்சமி நில மீட்புக்காக நாம் நடத்துகிற போராட்டத்துக்கு இது அண்ணன் தம்பி முறைதான்.

கட்டாக்கில் அம்பேத்கர் தொடங்கிய பேச்சு நீரைத் தேக்குவதோடு முடிந்துவிடவில்லை. தேக்கிய நீர் யாருக்கு என்ற மறுபாதியை முடிக்கும் பொறுப்பு நம்மிடம் வந்திருக்கிறது.

ஜெய்பீம்.